டின் பால் சேராத குழந்தைக்கு ஆட்டுப்பால் ஃபார்முலா: மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

என் இரண்டாவது மகனுக்கு அப்போது ஐந்து வாரம். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், முகமெல்லாம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, வீறிட்டு அழ ஆரம்பித்துவிடுவான். தாய்ப்பால் போதாமல் டின் பாலும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம், பால் சேரவில்லை என்று. "மாட்டுப்பால் மாவு சேரலை கண்ணு, நம்ம பக்கத்துத் தோட்டத்துல ஆடு கறக்குது, ஒரு சங்கு குடுத்துப் பாரு, மாந்தமெல்லாம் போயிரும்" என்றார் என் அத்தை. பாசத்தில் சொன்னதுதான், அவர் வளர்ந்த வீட்டில் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டுப்பால் ஃபார்முலா பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் போனில் படித்தேன். பிறகு குழந்தை டாக்டரிடம் போய், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, கடைசியில் மாற்றவும் செய்தேன். அந்த இரவில் யாராவது முழுதாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "ஆட்டுப்பால்" என்று ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, தோட்டத்தில் கறக்கிற பால். இரண்டாவது, அந்தப் பாலை உலர்த்திப் பாக்கெட்டில் விற்கிற ஆட்டுப்பால் பவுடர், இது பெரியவர்களுக்கானது. மூன்றாவதுதான் ஃபார்முலா, அதாவது ஆட்டுப்பாலை அடிப்படையாக வைத்து, குழந்தைக்குத் தேவையான அளவில் புரதத்தைக் குறைத்து, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொழுப்பு, இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின்கள் எல்லாம் சேர்த்துத் தயாரிக்கிற டின். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்த மூன்றாவது மட்டும்தான். ஆன்லைனில் தேடினால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன, விலை குறைவாக இருக்கிறதே என்று பவுடரை வாங்கிவிடாதீர்கள்.

கறந்த ஆட்டுப்பால் ஏன் கூடாது? கிருமி ஒரு காரணம். பச்சைப் பாலில் புருசெல்லா முதலான கிருமிகள் இருக்கலாம். காய்ச்சினால் அது சரியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் காய்ச்சினாலும் தீராத பிரச்சினை இரண்டு இருக்கிறது. ஆட்டுப்பாலில் 100 மில்லிக்கு மூன்றரை கிராம் அளவுக்குப் புரதம் உண்டு, தாய்ப்பாலில் ஏறக்குறைய ஒரு கிராம்தான். உப்புச் சத்துகளும் அப்படியே, தாய்ப்பாலைவிட மிக அதிகம். இந்தச் சுமையைப் பிறந்த குழந்தையின் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. மறுபக்கம், ஃபோலிக் அமிலம் பசும்பாலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆட்டுப்பாலில் இருக்கிறது. அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு ஒருவகை இரத்தசோகை வரும், அதற்கு ஆட்டுப்பால் இரத்தசோகை என்றே மருத்துவத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கலந்து கொடுத்தால் புரதம் குறையும், கூடவே மற்ற சத்தும் குறைந்து நிலைமை இன்னும் மோசமாகும். காந்தியே ஆட்டுப்பால்தானே குடித்தார் என்று எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் கேட்டார். காந்தி ஆட்டுப்பால் குடிக்கத் தொடங்கியது 1919-இல், அப்போது அவருக்கு வயது 49. அந்த உடம்பு வேறு, ஐந்து வாரக் குழந்தையின் உடம்பு வேறு.

அழுகை எல்லாம் வயிற்று வலி இல்லை

டின்னை மாற்றுவதற்கு முன்னால், குழந்தைக்கு உண்மையில் என்ன தொந்தரவு என்று பார்க்க வேண்டும். இதில்தான் பெரும்பாலானவர்கள், நான் உட்பட, அவசரப்படுகிறோம்.

பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குகிற ஓர் அழுகை உண்டு. காலிக் என்பார்கள். பெரும்பாலும் சாயங்காலத்தில் வரும், என்ன செய்தாலும் அடங்காது, ஆனால் மற்ற நேரத்தில் குழந்தை நன்றாகக் குடிக்கும், எடை ஏறும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கும் இது வரும். ஆகவே "இந்த டின்னால்தான்" என்று முடிவு கட்டிவிட முடியாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழாவது வாரத்தில் எந்தப் பாலுக்கு மாற்றினாலும் பத்தாவது வாரத்தில் அழுகை குறைந்திருக்கும், ஏனென்றால் அது குறைய வேண்டிய காலம் அதுதான். பால் மாற்றினோம், சரியாயிற்று என்று நாம் நம்பிவிடுவோம். அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு டின்னைப் புகழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, குழந்தை பத்து இருபது நிமிடம் முக்கி, முனகி, சிவந்து அழுது, பிறகு பார்த்தால் மலம் இளகலாக வந்திருக்கும். இது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தும்போதே கீழே தசையைத் தளர்த்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். சில வாரங்களில் பழகிவிடும். இதற்கு வெற்றிலைக் காம்பை வைப்பது, சோப்புத் துண்டை வைப்பது எல்லாம் வேண்டாம். மலம் கெட்டியாக, ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாக வந்தால்தான் மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை, ஆறு வாரத்துக்குப் பிறகு ஐந்தாறு நாள் போகாமல் இருந்து பிறகு இளகலாகப் போனாலும் அது இயல்பே.

குடித்ததும் கொஞ்சம் கக்குவதும் அப்படித்தான். எதுக்களித்துக் கக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு மருந்தும் வேண்டாம், வேறு டின்னும் வேண்டாம். நான்காவது மாதம் வாக்கில் அதிகமாக இருக்கும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆனால் சில அறிகுறிகள் வந்தால் பால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது. பிறந்த இரண்டாவது மூன்றாவது வாரத்திலிருந்து, குடித்த ஒவ்வொரு முறையும் பீச்சியடித்தாற்போல் வாந்தி வருவது. மலத்தில் இரத்தம். வயிறு கல் மாதிரி இறுகி உப்பியிருப்பது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல். ஒரு நாளைக்கு ஆறு ஈரத் துணிக்கும் குறைவாகச் சிறுநீர் போவது, துவண்டு கிடப்பது, எடை ஏறாமல் நிற்பது. அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாது, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வந்தால் அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சையை முதல் இரண்டு மாதத்துக்குள் செய்துவிட்டால்தான் பலன் அதிகம், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வாமையா, லாக்டோஸா?

ஆட்டுப்பால் ஃபார்முலாவைப் பற்றி ஊரில் உலவும் தவறான நம்பிக்கைகளில் மிக ஆபத்தானது, "மாட்டுப்பால் அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம்" என்பது. கொடுக்கக் கூடாது. மாட்டுப்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கம். மாட்டுப்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. பால் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வருவது ஒரு வகை. இன்னொரு வகை மெதுவாக வரும்: மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும், அடங்காத கரப்பான், விடாத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை. இதில் எது இருந்தாலும் டாக்டர் பார்த்து, புரதத்தை மிகச் சிறிய துணுக்குகளாக உடைத்துத் தயாரித்த தனி ஃபார்முலாவை எழுதிக் கொடுப்பார். அது விலை அதிகம், சுவையும் கசப்பு, ஆனால் அந்தக் குழந்தைக்கு அதுதான் மருந்து. மூச்சு இழுப்பு வந்தாலோ முகம் வீங்கினாலோ அது அவசர சிகிச்சை, ஆம்புலன்ஸுக்கு 108-ஐக் கூப்பிடுங்கள்.

லாக்டோஸ் விஷயமும் அப்படியே. "லாக்டோஸ் ஒத்துக்கலை, அதனால ஆட்டுப்பால்" என்று கடைக்காரரே சொல்வார். கறந்த ஆட்டுப்பாலில் லாக்டோஸ் பசும்பாலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஃபார்முலாவாகத் தயாரிக்கும்போது தாய்ப்பால் அளவுக்குக் கொண்டுவர மேலும் லாக்டோஸ் சேர்க்கிறார்கள். ஆகவே அந்தக் காரணத்துக்காக மாற்றினால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, பிறவியிலேயே லாக்டோஸ் செரிக்காத குழந்தை என்பது மிக மிக அபூர்வம். தாய்ப்பாலிலேயே நிறைய லாக்டோஸ் இருக்கிறதே! கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்கள் தற்காலிகமாகச் செரிக்காமல் போவது உண்டு, அதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

கலக்குவதைச் சரி பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

நான் டாக்டரிடம் போய், ஆட்டுப்பால் ஃபார்முலாவுக்கு மாற்றலாமா என்று கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. "டின் கொண்டுவந்திருக்கீங்களாம்மா? எனக்கு முன்னாடி ஒரு தடவை கலக்குங்க, பார்ப்போம்" என்றார். கலக்கினேன். கரண்டியில் பவுடரைக் கோபுரமாக அள்ளி, டின் ஓரத்தில் அழுத்தித் திணித்துப் போட்டேன், வீட்டில் எப்போதும் செய்வதுபோலவே. குழந்தை தெம்பாக வளரட்டும் என்ற எண்ணம்தான். அவர் அந்தக் கரண்டியைத் தலைதட்டிக் காட்டி, "இவ்வளவுதான் ஒரு கரண்டி. நீங்க போடுறது ஒன்றரைக்குப் பக்கம்" என்றார். பால் கெட்டியாகப் போனால் மலம் இறுகும், வயிறு கனக்கும், குழந்தைக்குத் தாகம் எடுத்து அழும், நாம் பசி என்று நினைத்து இன்னும் அதே கெட்டிப் பாலைக் கொடுப்போம். எங்கள் வீட்டில் பாதித் தொந்தரவு அன்று தீர்ந்துவிட்டது. டின் அதே டின்தான்.

அளவும் முக்கியம். டின் பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு, முதல் வாரம் கழிந்ததிலிருந்து ஆறு மாதம் வரை, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 150 மில்லி என்பது கணக்கு. நான்கு கிலோ குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 600 மில்லி, அதை எட்டாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 75 மில்லி. தாய்ப்பாலும் கொடுத்தால் அதற்கேற்பக் குறையும். பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று வாயில் திணிக்காதீர்கள், தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம்.

கொடுக்கும் விதத்தையும் பாருங்கள். படுக்க வைத்துக் கொடுத்தால் காற்றும் சேர்ந்து போகும். மடியில் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் சாய்த்துப் பிடித்து, நிப்பிள் முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி பாட்டிலைச் சாய்த்து, நடுவில் ஒன்றிரண்டு முறை நிறுத்தி, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வையுங்கள். நிப்பிள் ஓட்டை பெரிதாக இருந்தால் மடமடவென்று இறங்கும், மிகச் சிறிதாக இருந்தால் உறிஞ்சி உறிஞ்சிக் காற்றைக் குடிக்கும். என்னைக் கேட்டால், சின்னக் குழந்தைக்குப் பாட்டிலைவிடப் பாலாடை, அதாவது பால் புகட்டுகிற சங்கு, நல்லது. கழுவுவது சுலபம், கிருமி ஒட்டிக்கொள்ள மூலைமுடுக்கு கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதால் குழந்தையும் தன் வேகத்தில் குடிக்கும். நம் ஊர்ப் பழக்கம்தான் என்றாலும், பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளுக்கும் இன்றுவரை இதில்தான் கொடுக்கிறார்கள்.

தாய்ப்பால் கொஞ்சமாவது வருகிறதென்றால் அதை விடாதீர்கள். டின் கூடக் கூட மார்பில் சுரப்பது குறையும். எனக்கு இரண்டாவது மாதத்தில் ஒரு செவிலியர் உட்கார்ந்து குழந்தையைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக் கொடுத்த பிறகுதான் பால் கூடியது, அதை முதல் வாரமே யாராவது செய்திருந்தால் நான் இந்த டின் கதைக்கே வந்திருக்க மாட்டேனோ என்னவோ.

ஆட்டுப்பால் ஃபார்முலா உண்மையில் என்ன செய்யும்

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மலம் இறுகலாகவே இருக்கிறது, வயிறு உப்புசமாகவே இருக்கிறது, ஒவ்வாமை இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்றால், அப்போது ஆட்டுப்பால் ஃபார்முலாவை முயன்று பார்ப்பது நியாயமான முடிவு. ஆட்டுப்பாலில் ஆல்ஃபா எஸ்1 கேசின் என்ற புரதம் குறைவு. அதனால் வயிற்றில் அது திரியும்போது கெட்டித் தயிராக உறையாமல் மிருதுவாக, சிறு சிறு துணுக்காக உறைகிறது. அதிலிருக்கும் இன்னொரு புரதமான பீட்டா கேசினும், ஏ2 பால் என்று கடையில் விற்கிறார்களே, அதே ஏ2 வகையைச் சேர்ந்தது. சில டின்களில் ஆட்டுப்பால் கொழுப்பையே பெருமளவு பயன்படுத்துவதால் பாமாயில் சேர்ப்பதில்லை, அல்லது குறைவாகச் சேர்க்கிறார்கள். பாமாயிலில் உள்ள ஒரு கொழுப்பு அமிலம் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரிக் கட்டிக்கொண்டு மலத்தை இறுக்கும், ஆகவே அது இல்லாத டின்னில் மலம் இளகலாக வர வாய்ப்பு அதிகம்.

இது ஏதோ வீட்டு வைத்தியம் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஆட்டுப்பால் புரதம் குழந்தை ஃபார்முலாவுக்கு ஏற்றது என்று சொன்னது, அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் அனுமதி வந்தது. ஆஸ்திரேலியாவில் 200 குழந்தைகளை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டுப்பால் ஃபார்முலா குடித்த குழந்தைகளும் மாட்டுப்பால் ஃபார்முலா குடித்த குழந்தைகளும் ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். கவனியுங்கள், ஒரே மாதிரி. கூடுதல் அறிவு, கூடுதல் எதிர்ப்புச் சக்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் மகனுக்கு மலம் இளகியது, உப்புசம் குறைந்தது. சாயங்கால அழுகை மட்டும் மூன்றரை மாதம் வரை இருந்துதான் போயிற்று.

வாங்கும்போது

எந்த பிராண்டு என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. இந்தியாவில் குழந்தைப் பால் பவுடரை விளம்பரப்படுத்துவதும் இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் நியாயமானது என்று நம்புகிறவள் நான்.

டின்னில் என்ன பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். குழந்தைக்கான ஃபார்முலா என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் நிலை, அதற்கு மேல் இரண்டாவது நிலை. இங்கே கிடைப்பதில் பல இறக்குமதி என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இறக்குமதி செய்தவரின் முகவரியும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காலாவதி தேதி, டின் நசுங்காமல் இருப்பது, உள் சீல் உடையாமல் இருப்பது. பொருட்பட்டியலில் புரதம் முழுக்க ஆட்டுப்பாலிலிருந்து வந்ததா, இல்லை மாட்டுப்பால் வே புரதமும் (பால் திரிந்தால் பிரியும் தெளிநீரில் இருக்கும் புரதம்) கலந்திருக்கிறதா என்று படியுங்கள். இனிப்புக்கு லாக்டோஸ் மட்டுமா, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளும் சர்க்கரையுமா என்பதையும் பாருங்கள், லாக்டோஸ் மட்டும் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சிங்கப்பூரிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவரும் டின்னில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு டின்னில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர், இன்னொன்றில் 50, வேறொன்றில் 60 என்று இருக்கும். பழைய டின்னின் கரண்டியைப் புது டின்னில் ஒருபோதும் போடாதீர்கள். தவிர, அந்த டின் தீர்ந்தால் அடுத்தது இங்கே கிடைக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு டின்னாக மாற்றிக்கொண்டே இருப்பது குழந்தைக்கு நல்லதில்லை. விலையும் அப்படித்தான். ஆட்டுப்பால் டின் சாதாரண டின்னைவிட விலை கூடுதல், சிக்கனம் செய்யலாம் என்று பவுடரைக் குறைத்துக் கலக்க வேண்டிய நிலைமை வருமென்றால் அதற்கு மாறவே வேண்டாம், சாதாரண டின்னைச் சரியாகக் கலந்து கொடுப்பதே மேல்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறவிக் கோளாறு உள்ள குழந்தை, சிறுநீரகப் பிரச்சினை உள்ள குழந்தை என்றால் டாக்டர் சொல்லாமல் எதையும் மாற்றக் கூடாது.

மாற்றும் முறை

இரண்டு பவுடரையும் ஒரே பாட்டிலில் கலந்து மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. இரண்டின் கரண்டி அளவும் வேறு என்பதால் கணக்கு தப்பிவிடும், அது வேண்டாம். நான் ஒரு வேளை ஒரு வேளையாக மாற்றினேன். முதல் இரண்டு நாள் காலையில் ஒரு வேளை மட்டும் ஆட்டுப்பால் ஃபார்முலா, காலையில் என்றால் ஏதாவது ஆனால் பகலில் டாக்டரைப் பார்க்க முடியும். மூன்றாவது நாள் இரண்டு வேளை, பிறகு பாதி, ஒரு வாரத்தில் முழுவதும். ஒரே நாளில் மாற்றினாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மெதுவாகப் போனால் எது எதனால் வந்தது என்று நமக்குப் புரியும்.

அந்த நாட்களில் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மில்லி குடித்தான், எத்தனை தடவை கக்கினான், மலம் எப்படி, எத்தனை ஈரத் துணி, எவ்வளவு நேரம் அழுதான். தூக்கம் கெட்ட நேரத்தில் நம் ஞாபகத்தை நம்ப முடியாது. மலத்தின் நிறம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும், வாடை மாறும், அதற்குப் பயப்பட வேண்டாம். முழுக்க மாற்றியபின் ஒன்றிரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். தடிப்பு, இரத்தம், ஓயாத வாந்தி வந்தால் மட்டும் பொறுக்காமல் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியவில்லையா, பழைய டின்னுக்கே திரும்பிவிடலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

மாற்றுகிற இந்த இரண்டு வாரத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். உரமருந்து உரசிக் கொடுப்பது, ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே வைத்திருக்கிற வசம்பு, எதுவும் ஆறு மாதம் வரை உள்ளே போக வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். அத்தையிடம் இதைச் சொல்வது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவரையே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், நான் சொன்னால் கேட்காததை டாக்டர் சொன்னதும் கேட்டுக்கொண்டார். இப்போது எங்கள் தெருவில் அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

தினமும் கலக்கும்போது

பால் பவுடர் கிருமியில்லாத பொருள் இல்லை, சீல் பிரிக்காத டின்னிலும் குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் சின்னக் குழந்தைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலோ பாலாடையோ, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் முழுக்க மூழ்கவைத்துக் கொதிக்க விடுங்கள், நான் பத்து நிமிடம் விடுவேன். கலக்குவதற்குப் புதிதாகப் பிடித்த குடிதண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். உப்பாக இருக்கிற போர் தண்ணீர் வேண்டாம், கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி வைத்தால் அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்தும்வரை 70 டிகிரிக்கு மேலேயே இருக்கும், அரை டம்ளர் மட்டும் வைத்தால் வேகமாக ஆறிவிடும்.

முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் தண்ணீர் குறைந்துவிடும். கரண்டியில் அள்ளி, கத்தியின் முதுகாலோ டின்னில் இருக்கிற விளிம்பாலோ தலைதட்டுங்கள், அழுத்தாதீர்கள். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். சர்க்கரை, பிஸ்கட், அரிசிக் கஞ்சி எதையும் சேர்க்காதீர்கள். கலந்ததும் பாட்டிலின் கீழ்ப்பாதியைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடு தெரியாமல் இதமாக இருக்க வேண்டும். சில டின்களில் நல்ல கிருமிகள் சேர்த்திருப்பதால் இன்னும் ஆறிய தண்ணீரில் கலக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள். அப்படியானால், குறிப்பாக இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால், எதைப் பின்பற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், நம் சித்திரை வெயிலில் நான் ஒரு மணி நேரமே வைத்ததில்லை. வாய் வைத்த மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்கவே கூடாது. இரவுக்கும் பயணத்துக்கும், கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்க்கில், அளந்த பவுடரைச் சுத்தமான உலர்ந்த டப்பாவில் தனித்தனியாக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கலப்பதுதான் வழி. ராத்திரி சுலபமாக இருக்கட்டும் என்று கலந்த பாலைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் அது கிருமி வளர்க்கிற தொட்டிதான். டின்னைத் திறந்த தேதியை மூடியில் எழுதி, டின்னில் சொன்ன நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்று நான்கு வாரம், முடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் டின்னை வைக்காதீர்கள், ஈரம் கோத்துக் கட்டி தட்டும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள், அங்கன்வாடியிலேயே பார்க்கலாம். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறினால் பால் உடம்பில் ஒட்டுகிறது என்று அர்த்தம். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்கிவிடுங்கள், எந்த ஃபார்முலாவும் அதற்கு மாற்று இல்லை.

ஒரு வயது முடிந்த பிறகு டின் தேவையில்லை. ஒவ்வாமை இல்லாத குழந்தை என்றால் அப்போது அத்தையின் தோட்டத்து ஆட்டுப்பாலையே நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கலாம், கூடவே கீரை, பாசிப்பயறு, முட்டை சாப்பிட்டால் ஃபோலிக் அமிலக் குறையும் வராது. ஒரு நாளைக்கு 400 மில்லி தாண்ட வேண்டாம், அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் குறையும். என் மகன் இப்போது காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறான், கறந்துகொண்டு வருவது அத்தைதான், காய்ச்சுவது நான்.